தும்புத்தடிக்கு முதல் ஊசி

ஓம், நான் போடல்ல. கதிரையில போய் இருந்து, சட்டைக் கைய உருட்டி, பஞ்சால துடைக்கவும் விட்டுட்டு, மறுகா கைய இறக்கிப்போட்டு எழும்பி வந்தவ நான்தான். அந்த வீடியோவில இருக்கிறது வேற ஆரும் இல்ல. மாஸ்க் போட்டிருந்ததால ஆளத் தெரியாது, நான் இல்லையெண்டு சொல்லிருங்க உம்மா எண்டு என்ட மகள் அப்பவே புத்தி சொன்னா. எனக்கென்ன வந்திச்சு, ஒளிக்கிறதுக்கு?

இப்ப என்னை இதை எழுத வச்சது பர்வின். நான் பென்ஷன்ல போகக்குள்ள சின்ன நேர்ஸா இருந்த புள்ள, இப்ப அதே ஆஸ்பத்திரியில தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பா இருக்கிறா. போன கிழமை ஃபோன்ல குரல் அனுப்பியிருந்தா. புதுசா நியமனம் கிடைச்சு வந்த நேர்ஸ்மார் சில பேர் செங்கமாரி ஊசி, அதாவது ஹெபடைட்டிஸ் ஊசி, போட மாட்டமெண்டு நிக்கிறாங்களாம். ஏன் எண்டு கேட்டா ஃபோனைத் திறந்து என்ட பழைய வீடியோவக் காட்டுறாங்களாம். நசீமா சிஸ்டரே கொரோனா ஊசிக்கு ஓடினவ, காலம் முழுக்க ஊசி போட்ட மனிசிக்குத் தெரியாததா எண்டு கேக்கிறாங்களாம். அந்த நாள்ல பர்வின் பிரசவ லீவில இருந்தவ, நடந்ததைக் கண்டவ இல்ல. "உண்மையா ஏன் சிஸ்டர் எழும்பிப் போனீங்க?" எண்டு கடைசியாக் கேட்டிருந்தா. அவட குரல்ல கொஞ்சம் சந்தேகமும் இருந்திச்சு.

நல்ல கேள்வி. இவ்வளவு காலத்துக்கு இப்பதான் ஒரு ஆள் ஏன் எண்டு கேட்டிருக்கிறா. மத்த எல்லாரும் அவங்கட அவங்கட காரணத்த என்ட தலையில வச்சிட்டுப் போனவங்கதான். பர்வினுக்கு ஃபோன்லயே சொல்லிரலாம். ஆனா அந்தப் புதுப் புள்ளைகளுக்கும் போய்ச் சேரணும், அதால எழுதுறன்.

நான் நேர்ஸான கதைய நீட்ட ஒண்டுமில்ல. சாய்ந்தமருதில எங்கட தெருவில இருந்து நேர்சிங் படிக்கப் போன முதல் பொம்புளப்புள்ள நான். ஆம்புளைகளத் தொட்டு மருந்து கட்டுற வேலைக்கா மகளை அனுப்புற எண்டு கேட்டவங்களுக்கு, நாளைக்கு உன்ட பொண்டாட்டிட புள்ளைப்பேத்துக்கு ஆரக் கூப்பிடப் போற எண்டு வாப்பா திருப்பிக் கேட்டார். அதோட அந்தக் கதை முடிஞ்சிச்சு. மட்டக்களப்பில படிச்சன், ரெண்டு மூணு ஊர்ல வேலை செஞ்சன், பிறகு கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டுக்கு வந்து சேந்தன். ஆஸ்பத்திரிட பேர் வேணாம். நான் சொல்லப்போற ஆக்கள்ல அரைவாசிப் பேர் இன்னும் அங்கதான் வேலை செய்யிறாங்க.

அங்க மேட்ரனா இருந்தவ அரியமலர். பாண்டிருப்புப் பொம்புள, மெலிஞ்ச ஆள், சத்தம் போட்டு நான் கண்டதே இல்ல. மத்த மேட்ரன்மார் வாட்டுக்கு வந்தா கட்டில் விரிப்பப் பாப்பாங்க. இவ நேரா குப்பை வாளிக்குப் போவா. பேனையால மூடியத் தூக்கி, குனிஞ்சு, உள்ளுக்குப் பாப்பா. போடக்கூடாத சாமான் ஒண்டு கிடந்தா நிமிந்து ஒரே ஒரு கேள்விதான் கேப்பா: "பிள்ளை, இது ஆர்ர?" என்டதான் மேட்ரன் எண்டு ஆராவது வாயத் திறக்கிற வரைக்கும் அந்த இடத்த விட்டு அசைய மாட்டா. நாங்க பேச்சு வாங்கப் பயப்பட்டதில்ல, அந்த நிப்புக்குத்தான் பயந்தம்.

ஊசி விஷயத்தில அவட சட்டம் கடுமை. போட்ட ஊசிக்கு மறுகா மூடி போடக்கூடாது. ஊசியக் கையில வச்சுக்கிட்டு ஆரோடயும் கதைக்கக்கூடாது. நோயாளிட கையில இருந்து வந்த ஊசி, மேசையிலயும் வைக்காம, ட்ரேயிலயும் வைக்காம, நேரா மஞ்சள் பெட்டிக்குள்ள விழணும். பெட்டி முக்கால்வாசி நிறைஞ்சா மூடிரணும், இன்னும் ஒண்டு கொள்ளும் எண்டு அமத்துற வேலை கிடையாது. இதெல்லாம் இப்ப சுவர்ல படம் போட்டு ஒட்டியிருக்கு. அப்ப படம் இல்ல, மேட்ரன்தான் இருந்தா.

அப்பிடி இருந்தும் ஒரு நாள் பிழைச்சிச்சு. வேலாயுதம் அண்ணன் எண்டு ஒரு லேபரர். சாதாரணக் குப்பைப் பைய, பாண் துண்டும் தேயிலைச் சக்கையும் போடுற கறுப்புப் பைய, இழுத்துத் தூக்கக்குள்ள தொடையில என்னமோ குத்தியிருக்கு. உடுத்திருந்த சாரத்தால ரத்தத்தத் துடைச்சிப்போட்டு மிச்ச வேலையப் பாத்திருக்கிறார். ஆரோ ஒரு நேர்ஸ் அவசரத்தில போட்ட ஊசி. ஆரெண்டு கடைசி வரைக்கும் தெரியல்ல, அந்த முறை மேட்ரன் எவ்வளவு நேரம் நிண்டும் ஒருத்தரும் வாயத் திறக்கல்ல. சில மாசம் போக அவர்ட கண் மஞ்சளாச்சு. ஈரல் பழுதாகி எங்கட வாட்டிலேயே, தான் கூட்டித் துடைச்ச வாட்டிலேயே, படுத்துக் கிடந்து போய்ச் சேந்தார். நாங்கதான் அவருக்குத் தண்ணி பருக்கினம்.

ஆஸ்பத்திரி ஆக்களுக்கு எண்டு ஹெபடைட்டிஸ் ஊசி அந்தக் காலத்தில கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். டொக்டர்மாருக்கு முதல், பிறகு நேர்ஸ்மாருக்கு, மிஞ்சினா மத்தவங்களுக்கு. மிஞ்சினதே இல்ல. வேலாயுதம் அண்ணன் போனாப் பிறகு வந்த முதல் பெட்டிய மேட்ரன் தன்ட கையால திறந்தா. டொக்டர்மார் வரிசையில வந்து நிண்டாங்க. மேட்ரன் அவங்களத் தாண்டிப் பாத்து, தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுற ஆக்கள் முன்னுக்கு வாங்க எண்டா. ஒரு இளம் டொக்டர் சிரிச்சுக்கிட்டு, இது என்ன மேட்ரன் புதுச் சட்டம் எண்டு கேட்டார்.

"ஊசியப் பிடிக்கிறவருக்கு ஊசி எங்க இருக்கெண்டு தெரியும் டொக்டர். குப்பையத் தூக்கிறவருக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்குத்தான் முதல்" எண்டா மேட்ரன்.

அந்த டொக்டர் பின்னுக்குப் போய் நிண்டார். கூட்டுறவங்க, கழுவுறவங்க, நோயாளியத் தள்ளுறவங்க, பிறகு நாங்க, பிறகு டொக்டர்மார். எல்லாருக்கும் கடைசியா மேட்ரன் கைய நீட்டினா, போட்டவ நான். அண்டையிலிருந்து எங்கட ஆஸ்பத்திரியில அதுதான் வழக்கம். எழுதி வைக்காத வழக்கம். எழுதி வைக்காததால பிறகு வந்தவங்களுக்கு அதைத் தூக்கி எறியிறதும் லேசாப் போச்சு.

மேட்ரன் பென்ஷன்ல போனா. நானும் சிஸ்டராகி, தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பா வந்தன். என்ட பென்ஷனுக்கும் கொஞ்சக் காலம்தான் கிடந்திச்சு, அதுக்குள்ள கொரோனா வந்திச்சு.

ஊசி வரப்போகுது எண்ட கதை பரவின நேரம் எங்கட ஆஸ்பத்திரிக்குள்ள நடந்த கூத்தச் சொல்லாம விட்டா நான் பொய்க்காரி. ஊருக்கே ஊசி போட்டவங்க நாங்க. அழுற புள்ளட காலப் பிடிச்சுக்கிட்டு, ஒண்டுமில்ல மனே, எறும்பு கடிக்கிற மாதிரித்தான் எண்டு சொன்ன வாய் எங்கட வாய். எங்கட கையெண்டு வந்ததும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வருத்தம் முளைச்சிச்சு. ஒரு நேர்ஸுக்கு இறால் அலர்ஜியாம், அதால ஊசி ஒத்துக்காதாம். அவ இறால் பொரியலோட சோறு திண்டதை நானே பக்கத்தில இருந்து கண்டிருக்கிறன். மருந்து குடுக்கிறவர் கொத்தமல்லித் தண்ணி போதும் எண்டார். ஒரு டொக்டர், இதை விட நல்ல கொம்பனிட ஊசி வரும், பொறுத்துப் போடுவம் எண்டார், கல்முனைக் கடையில பெருநாளைக்குச் சட்டை தெரிஞ்செடுக்கிற மாதிரி. புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ளைகள் குழந்தை கிடைக்காமப் போயிருமோ எண்டு பயந்தாங்க. அந்தப் பயத்துக்கு மட்டும் நான் சிரிக்கல்ல, பக்கத்தில இருத்தி வச்சு ஆறுதலாக் கதைச்சன்.

எங்கட ஆக்களிட்ட இன்னொரு காரணமும் இருந்திச்சு. அதுக்கு ஆராலயும் சிரிக்க ஏலாது. கொரோனாவில மௌத்தான எங்கட மையித்துகள மண்ணில அடக்க விடாம அரசாங்கம் எரிச்ச காலம் அது. பெத்த உம்மாவ நெருப்புக்குக் குடுத்துட்டு, கண் வீங்கிப்போய் டியூட்டிக்கு வந்தவங்க எங்களோட நிண்டாங்க. எரிச்ச கைதானே இந்த ஊசியையும் தருது, எப்பிடி நம்புற சிஸ்டர் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற? எனக்கும் அந்த நெருப்பு அணையல்ல, அணையவும் வேணாம். ஆனா நான் சொன்னது இதுதான்: கோபத்த நெஞ்சில வைங்க, ஊசியக் கையில போடுங்க. எரிச்சவங்களிட்ட ஏன் எண்டு கேக்கிறதுக்கு நாங்க உயிரோட இருக்கணும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அரைவாசிப் பேரை வரிசைக்குக் கொண்டு வந்தன். ஊசிக்கு எதிரி எண்டு என்னைச் சொல்லுறவங்க இதையும் கேட்டுக்கணும்.

இப்ப அந்த நாளுக்கு வாறன். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டொக்டரை நாங்க எம்.எஸ். எண்டு சொல்லுற. நல்ல மனிசன், மரியாதையான கதை, ஆனா எதைக் கேட்டாலும் "பாப்பம் சிஸ்டர்" எண்டுதான் மறுமொழி வரும். அவர்ட பாப்பம் எண்ட சொல்லுக்குள்ள போன விஷயம் ஒண்டும் திரும்பி வந்ததை நான் காணல்ல.

கொரோனா வாட்டுக் குப்பையத் தூக்கினது கொம்பனி ஆக்கள். சுத்தம் செய்யிற வேலையக் கொன்ராக்ட்ல எடுத்த கொம்பனி ஒண்டுக்குக் கீழ வேலை செஞ்ச பொம்புளைகள். அவங்களுக்குத் தலைவி மாதிரி நிண்டவ ஆசியா, எங்கட ஊர்க்காரி, சுனாமியில வீட்டப் பறிகுடுத்துட்டு வீட்டுத் திட்டத்தில இருந்தவ. கிளவுஸ் கிழிஞ்சா அதுக்கு மேல சொப்பிங் பேக்கக் கட்டிக்கிட்டு மஞ்சள் பைகளத் தூக்குவா. ஊசிக்கு எண்டு வந்த பேர்கள்ல ஆசியாட பேரும் இல்ல, அவட ஆக்கள்ட பேரும் இல்ல. எம்.எஸ்.ஸிட்டக் கேட்டன். அவங்க எங்கட ஸ்டாஃப் இல்லையே சிஸ்டர், கொம்பனி ஆக்கள், அடுத்த முறை பாப்பம் எண்டார். கிருமி ஐடென்டிற்றி காட் பாத்தா வருது சேர் எண்டு கேட்டன். சிரிச்சார். நீங்க முதல்ல போடுங்க, உங்களப் பாத்துத்தான் மத்தப் புள்ளைகள் போடுங்கள் எண்டார்.

சரியெண்டு போய் இருந்தன். கைய உருட்டினன், துடைச்சாங்க. வாசல்ல தும்புத்தடியோட ஆசியா நிண்டா. ஊசி போடுறதுக்கு இல்ல, நாங்க போடுற பஞ்சக் கூட்டுறதுக்கு. என்ட கையத் துடைச்ச பஞ்சக் கண்டதும் எனக்கு மேட்ரன்ட கேள்விதான் காதுக்குள்ள கேட்டிச்சு: பிள்ளை, இது ஆர்ர? கைய இறக்கிட்டன். இவங்களுக்குப் போட்டாப் பிறகு எனக்குப் போடுங்க எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டுத்தான் எழும்பினன்.

ஆனா தூரத்தில நிண்டு ஃபோன் பிடிச்சவருக்கு அது கேக்கல்ல. வந்தது சத்தமில்லாத வீடியோ. ஒரு சிஸ்டர் ஊசியக் கண்டு எழும்பிப் போற வீடியோ. கீழ எழுதின வசனத்த நான் இங்க எழுத மாட்டன். பின்னேரம் அசறுத் தொழுகைக்கு முதல் சாய்ந்தமருது முழுக்கப் பாத்தாச்சு.

அடுத்த நாள் மீன் வாங்கப் போனா, ஆஸ்பத்திரியில நீங்க ஒராள்தான் ராத்தா உண்மையான ஆள் எண்டு மீன்காரர் ரெண்டு பாரைக்குட்டியச் சும்மா போடப் பாத்தார். பக்கத்துத் தெரு யாவாரி ஒருத்தர் என்ட வீரத்துக்கு எண்டு வட்டிலாப்பம் அனுப்பினார். வட்டிலாப்பத்தத் தின்னுட்டு, கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கப் போய் அந்த மனிசனுக்கு வாசல்லயே நிண்டு ஏசிட்டு வந்தன். சிரிக்கிற விஷயமாத்தான் இருந்திச்சு, கைக்குழந்தையோட ஒரு புள்ள வந்து, அப்ப இவனுக்குப் போடுற ஊசியும் வேணாமா ராத்தா எண்டு கேக்கிற வரைக்கும். அந்தப் புள்ளய நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனன். ஆனா ஊரெல்லாம் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத் திரிய ஏலுமா?

ஊசியப் போட்டு வாய அடைச்சிருங்க எண்டு எல்லாரும் சொன்னாங்க. என்ட மகளும் அழுதா, எனக்குச் சீனி வியாதி இருக்கு, கொரோனா வாட்டுக்குள்ள போய் வாறன், ஏதும் நடந்தா எண்டு. எனக்குப் பயமில்லையெண்டு சொன்னா அதுவும் பொய். ஆனா நான் போட்டா எம்.எஸ்.ட "அடுத்த முறை" அதோட கிடங்குக்குள்ள போயிரும். அதால தினமும் காலையில அவர்ட வாசல்ல போய் நிண்டன். "சேர், தும்புத்தடி ஆக்களுக்கு எப்ப?" பாப்பம் சிஸ்டர். அடுத்த நாளும் போய் நிண்டன். நிக்கிறதை நான் படிச்ச இடம் அப்பிடி.

கடைசியில அவர்ட மனச மாத்தினது நான் இல்ல, நாத்தம். துடைக்கிற பொம்புளைகள்ல ஒராளுக்குக் கொரோனா வந்து, கூட வேலை செஞ்சவங்களையும் வீட்டோட நிப்பாட்டினாங்க. மஞ்சள் பைகள் நடைபாதையில குவிஞ்சு, வெயில் ஏற ஏற அந்த மணம் எம்.எஸ்.ட அறைக்குள்ளயும் போச்சு. என்னைக் கூப்பிட்டு, வாற பெட்டியில கொம்பனி ஆக்களையும் சேருங்க எண்டார். வென்றிட்டன் எண்டு நினைச்சன்.

பெட்டி வந்த காலையில போத்தலத் திறந்து வச்சிட்டு ஆசியாவக் கூப்பிட்டன். அவ வந்து, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிண்டா. நான் போடமாட்டன் ராத்தா எண்டா. அவளுக்குப் பின்னால நிண்டவங்களும் கையக் கட்டிட்டாங்க.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்ல. உனக்காக வேண்டி ஊரிட்ட ஏச்சும் வட்டிலாப்பமும் வாங்கினவ நான், இப்ப மாட்டனெண்டா என்ன அர்த்தம் எண்டு கேட்டன்.

"நான் வாசல்ல நிண்டு கேட்டவள் ராத்தா, எனக்குத் தெரியும். என்ட மாப்பிள கேட்டாரா? அவர் வீடியோவத்தான் பாத்தவர். சிஸ்டரே ஓடின ஊசியப் போட்டுட்டு வீட்டுக்கு வராத எண்டு சொல்லிப்போட்டார்."

வீடு ஆர்ர வீடு எண்டு கேட்டன். எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தான், புருசன் வந்து இருக்கிறவர். உன்ட வீட்டுக்கு உன்னை வராத எண்டு சொல்ல அவர் ஆர் எண்டன். மாஸ்க்குக்குள்ள ஆசியா சிரிச்சது கண்ல தெரிஞ்சிச்சு. பிறகு சிரிப்பு நிண்டிச்சு.

"வீடு என்டதான். ஆனா எனக்கு ஏதும் நடந்தா புள்ளைகளப் பாக்கப்போறவர் அவர்தானே, பயப்பட மாட்டாரா? நீங்க முதல் போடுங்க. நான் வீடியோ எடுத்துக் காட்டுறன். மறுகா எனக்கு."

நீ முதல் எண்டன். நீங்க முதல் எண்டா. அவ போடாம நான் போட்டா வேலாயுதம் அண்ணனுக்கு நான் என்ன சொல்லுற? நான் போடாம அவ போட்டா அவட மாப்பிளைக்கு அவ என்ன சொல்லுற? ரெண்டு பேரும் விடுற சாதியில்ல. ஊசி போட வந்த நேர்ஸ் புள்ள பாவம், திறந்த போத்தல் நிறைய நேரம் தாங்காது சிஸ்டர் எண்டு முணுமுணுத்துக்கிட்டு நிண்டா.

நானே சிரிஞ்ச எடுத்தன். ஆசியாவக் கிட்டக் கூப்பிட்டு, போத்தல அவட கண்ணுக்கு நேர பிடிச்சு, முதல் டோஸ உறிஞ்சி எடுத்து ட்ரேயில வச்சன். இது உன்ட, முதல் எடுத்தது உனக்குத்தான், எம்.எஸ். வந்து கேட்டாலும் இதை ஆரும் தொட ஏலாது எண்டன். அதே போத்தல்ல இருந்து ரெண்டாவதை எடுத்து நேர்ஸ் புள்ளட கையில குடுத்தன், இது என்ட எண்டு. எடுக்கிறதில அவ முதல், குத்துறதில நான் முதல். ஆசியா ஓமெண்டு தலையாட்டி, கண்ணாடி வெடிச்ச ஃபோன எடுத்து எனக்கு நேர பிடிச்சா.

"கதைங்க ராத்தா. இந்த முறை சத்தமும் இரிக்கட்டும்."

மாஸ்க்க இறக்கி முகத்தக் காட்டினன். "நான் நசீமா சிஸ்டர். நான் ஊசிக்கு ஓடல்ல. இவங்களுக்கு வாற வரைக்கும் காத்திருந்தன், இப்ப வந்திரிக்கி" எண்டு சொல்லி முடியக்குள்ள ஊசி இறங்கிச்சு. ஆசியா ஃபோன இடுப்பில செருகிட்டுக் கைய நீட்டினா. அவளுக்குப் போட்டது நான்.

ஊசி போட்ட ஆக்கள் கொஞ்ச நேரம் இருந்திட்டுத்தான் போகணும், அதுக்கு எண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்திச்சு. தினமும் அந்தக் கதிரைகளத் துடைச்சவங்க, இருக்கத் தெரியாம சுவரோட நிண்டாங்க. இருங்க எண்டு அதட்டித்தான் இருத்தினன். கதிரையெல்லாம் நிறைஞ்சிச்சு. அந்த நேரம் எம்.எஸ். வந்தார். பழக்கம், ஆசியா பட்டெண்டு எழும்பப் பாத்தா. ஊசி போடாத தோள்ல கைய வச்சு அமத்தினன். எழும்பாத, ஊசி போட்டிரிக்கி எண்டன். எம்.எஸ். சுத்திவரக் கதிரை தேடினார், இல்ல. நிண்டுக்கிட்டே எல்லாருக்கும் சுகமா எண்டு விசாரிச்சார். ஒவ்வொருத்தரும் இருந்த இடத்தில இருந்து சுகம் சேர் எண்டாங்க.

ஆசியாட வீடியோ அவட மாப்பிளைக்குப் போச்சு, வீட்டுத் திட்டத்துக்குப் போச்சு, அதோட நிண்டிச்சு. ஓடுறவளத்தான் ஊர் பாக்கும், திரும்பி வந்து இருந்தவள ஆர் பாக்கிற? ஊருக்கு ஊசி போடக்குள்ள அவட மாப்பிள பள்ளிக்கூடத்து வரிசையில நிண்டதை நான் என்ட கண்ணால கண்டன். எனக்கு அது போதும். நான் செஞ்சதுக்கு எனக்குத் துளி வருத்தமும் இல்ல. இன்னொருக்கா வந்தாலும் எழும்பித்தான் போவன், இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லிட்டுப் போவன்.

பர்வின், மகளே, அந்தப் புதுப் புள்ளைகளிட்ட இதைச் சொல்லு. நசீமா சிஸ்டர் செஞ்சதைச் செய்ய ஆசையெண்டா முழுசாச் செய்யச் சொல்லு. முதல்ல தங்கட வாட்டில தும்புத்தடி பிடிக்கிற ஆளிட்டப் போய், உங்களுக்கு இந்த ஊசி போட்டாச்சா எண்டு கேக்கட்டும். இல்லையெண்டு சொன்னா சட்டைக் கைய இறக்கட்டும், நான் ஓட்டோ பிடிச்சு வந்து அவங்களோட எம்.எஸ்.ட வாசல்ல நிக்கிறன். போட்டாச்சு எண்டு சொன்னா, மறுகதை இல்ல, கைய நீட்டச் சொல்லு.